சிப் டிசைன் என்றால் என்ன வேலை? பாடாங் செராய் பிள்ளைகளுக்கு ஓர் எளிய விளக்கம்

விடியற்காலை கெடா மாநிலத்துப் பாடாங் செராய் மெயின் ரோட்டில் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். சிலது கூலிம் ஹைடெக் பார்க்குக்கு, சிலது பினாங்குப் பக்கம். தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த எங்கள் ஊரில் சிப் என்ற சொல்லைக் கேட்காத வீடு கிடையாது. ஒரு வீட்டில் அம்மா ஷிப்டுக்குப் போவார், இன்னொரு வீட்டில் மாமா மெயின்டனன்ஸில் இருப்பார். ஆனால் பொறியியல் படிக்கிற பிள்ளைகளைப் பிடித்து, "அந்தச் சிப்புக்குள் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார்?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. அது அமெரிக்காவில் யாரோ செய்வது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இங்கேயும் செய்கிறார்கள். நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலைந்து மாணவர்கள் மடிக்கணினியோடு வந்து உட்காருவார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிப் கடந்து வரும் பாதை. மூன்று பெரிய கட்டங்கள். சிப் என்ன செய்ய வேண்டும், உள்ளே எதை எங்கே வைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது டிசைன். அந்தத் திட்டத்தை சிலிக்கான் தகட்டின் மேல், அதாவது வேஃபரின் மேல், அடுக்கடுக்காக உருவாக்குவது ஃபேப். வேஃபரைத் துண்டு துண்டாக அறுத்து, கம்பி இணைத்து, உறை போட்டு, சோதித்து அனுப்புவது அசெம்ப்ளியும் டெஸ்ட்டும்.

மலேசியா நுழைந்தது மூன்றாவது கட்டத்தின் வழியாக. 1972-இல் இன்டெல் தன்னுடைய முதல் வெளிநாட்டு அசெம்ப்ளி ஆலையைப் பினாங்கில் தொடங்கியது. பிறகு எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. தோட்டத்து லயங்களில் இருந்து போன பெண்கள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் இணைத்தார்கள். என் அத்தை அப்படிப் போனவர்களில் ஒருவர். பால்மரம் வெட்டிய பாட்டியின் கை பிசுபிசுக்கும், தன் கை தூசு படாமல் இருக்கும் என்று சொல்லிச் சிரிப்பார். இன்று உலகின் சிப் அசெம்ப்ளி, டெஸ்டிங் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. இரண்டாவது கட்டமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது: கூலிமில் சில்டெரா, இன்ஃபினியன் நிறுவனங்கள் வேஃபரின் மேல் சிப் உருவாக்குகின்றன. நம் பிள்ளைகள் இன்னும் அதிகமாகப் போகாத இடம் முதல் கட்டம். அதற்கு வெள்ளை அங்கி வேண்டாம், ஷிப்ட் வேண்டாம். மேசை, கணினி, பொறுமை, இவ்வளவுதான்.

சரி, அந்த மேசையில் உட்கார்ந்து என்னதான் செய்கிறோம்?

சிப்புக்குள் இருப்பவை டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு சுவிட்ச். சில சுவிட்ச் சேர்ந்தால் ஒரு லாஜிக் கேட்: "இரண்டும் வந்தால்தான் சரி", "ஏதாவது ஒன்று வந்தால் போதும்" என்பது போன்ற சின்ன முடிவுகளை எடுக்கும். கேட்டுகளைச் சேர்த்தால் கூட்டல் செய்யும் சுற்று வரும், ஒரே ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1-ஐ, நினைவில் வைத்திருக்கும் ஃப்ளிப்ஃப்ளாப் வரும். இதெல்லாம் டிப்ளோமா முதல் ஆண்டிலேயே படித்திருப்பீர்கள். படித்துவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்திருப்பீர்கள். மறக்காதீர்கள், இந்தத் தொழில் முழுவதும் அந்த ஒரு பாடத்தின் மேல்தான் நிற்கிறது.

அடுத்தது கிளாக். தோட்டத்தில் விடிவதற்கு முன் பிரட்டு நடக்கும். மணி அடித்ததும் எல்லாரும் களத்துக்கு வருவார்கள், பெயர் எழுதப்படும், அவரவர் நிரைக்குப் போவார்கள். மணி இல்லாவிட்டால் யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கே எடுக்க முடியாது. சிப்புக்குள் கிளாக் அந்த மணி. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் எல்லா ஃப்ளிப்ஃப்ளாப்பும் அந்த நொடியில் தன் வாசலில் நிற்கிற மதிப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். அடுத்த மணிவரை அதை மாற்றாது. ஒரு கிகாஹெர்ட்ஸ் சிப் என்றால் நொடிக்கு நூறு கோடி முறை மணி அடிக்கிறது. இரண்டு மணிக்கு நடுவே ஒரே ஒரு நானோ நொடி. அந்த நேரத்தில் ஒளியே 30 சென்டிமீட்டர்தான் போகும், ஒரு பள்ளிக்கூட அடிக்கோல் நீளம்.

இந்தச் சுற்றுகளை இன்று யாரும் கையால் வரைவதில்லை. சுற்று எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு மொழியில் எழுதுகிறோம். வெரிலாக், சிஸ்டம் வெரிலாக், விஎச்டிஎல் ஆகியவை அந்த மொழிகள். அப்படி எழுதியதை ஆர்டிஎல் என்போம். வெரிலாக் பார்ப்பதற்கு, மென்பொருள் எழுதும் சி மொழி மாதிரியே இருக்கும், அங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். சி மொழியில் எழுதியது வரிவரியாக ஓடும். ஆர்டிஎல்லில் எழுதியது ஓடுவதே இல்லை, அது ஒரு பொருளாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதன் எல்லாப் பாகங்களும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

இதை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். எங்கள் தெருத் தம்பி ஒருவன், பொறியியல் இரண்டாம் ஆண்டு. 0 முதல் 9 வரை எண்ணி மறுபடி 0-க்கு வரும் கவுண்ட்டரை எழுதச் சொன்னேன். பத்து நிமிடத்தில் எழுதிவிட்டான். சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் ஓட்டி, மதிப்புகள் மாறுவதை வரைந்து காட்டும் வேவ்ஃபார்மை, அதாவது அலைவடிவத்தை, திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு.

"அக்கா, லேப்டாப் கோளாறா?"

கோளாறு இல்லை. தொடக்கத்தில் கவுண்ட்டரின் மதிப்பு என்ன என்று அவன் சொல்லவே இல்லை. சிமுலேட்டர் அதை "தெரியாது" என்று குறித்துவைத்துச் சிவப்பாகக் காட்டுகிறது. தெரியாததோடு ஒன்றைக் கூட்டினால் வருவதும் தெரியாததுதான். ஆயிரம் மணி அடித்தாலும் அப்படியே இருக்கும். ரீசெட் என்ற ஒரு சமிக்ஞையைச் சேர்த்து, அது வந்தால் 0-இல் இருந்து தொடங்கு என்று எழுதினான். சிவப்பு மறைந்து எண்கள் வந்தன. 0, 1, 2 என்று போவதைப் பார்த்துவிட்டு முடிந்தது என்று மூடப் போனான்.

வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பார் என்றேன். 8, 9, 10, 0.

அந்த 10 ஒரு முழு கிளாக் நேரத்துக்கு நின்றிருந்தது. அவன் எழுதியது இது: மதிப்பு 10 ஆனால் 0 ஆக்கு, இல்லாவிட்டால் ஒன்று கூட்டு. மனதுக்குள் அவன் வரிவரியாக ஓட்டிப் பார்த்திருக்கிறான்: 9-இல் ஒன்று கூட்டினால் 10, உடனே பிடித்து 0 ஆக்கிவிடும், 10 வெளியே தெரியாது. சி மொழியில் கூட்டிய கையோடு சோதித்தால் அப்படித்தான் நடக்கும். இங்கே மணி அடிக்கும்போது பார்க்கப்படுவது மணிக்கு முன் இருந்த பழைய மதிப்பு. புது மதிப்பு மணிக்குப் பிறகுதான் பிறக்கிறது. அதனால் 10 பிறந்து, ஒரு மணிவரை வாழ்ந்து, அடுத்த மணியில்தான் 0 ஆகிறது. 9 ஆனால் 0 ஆக்கு என்று எழுதியிருக்க வேண்டும்.

ஒரே ஒரு எண் வித்தியாசம். ஆனால் அந்தச் சுற்று மணி நேரத்தைக் கணக்கிடுகிற கருவியில் இருந்தால்? பத்துக்குப் பதில் பதினொன்று எண்ணிக்கொண்டே இருக்கும். மென்பொருள் என்றால் இரவோடு இரவாகத் திருத்தி அனுப்பிவிடலாம். சிப் சிலிக்கானாகிக் கைக்கு வந்துவிட்டால் அழிரப்பர் கிடையாது. திருத்தி மறுபடி ஃபேப்புக்கு அனுப்பினால் மாதங்கள் போகும், பணமும் பெரிய அளவில் போகும்.

அதனால்தான் சிப் டிசைனில் பெரும் பகுதி உழைப்பு எழுதுவதில் போவதில்லை, எழுதியது சரிதானா என்று நிரூபிப்பதில் போகிறது. அதற்குப் பெயர் வெரிஃபிகேஷன். என் வேலை அது. மாணவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுருங்குவதைக் கவனித்திருக்கிறேன். அடுத்தவர் செய்ததைச் சரிபார்க்கும் வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். நான் மனதார நம்புவதைச் சொல்கிறேன்: தொடக்கநிலைப் பொறியாளருக்கு ஒரு சிப்பை முழுசாகப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நாற்காலி கிடையாது.

ஏன் இது கடினம்? 32 பிட் எண்கள் இரண்டைக் கூட்டும் ஒரு சின்னச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சேர்க்கைகளையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். நொடிக்கு நூறு கோடி சேர்க்கைகளைச் சோதித்தாலும் முடிக்க ஏறக்குறைய 584 ஆண்டுகள் ஆகும். ஒரு கூட்டல் சுற்றுக்கே இந்தக் கதி. ஆகவே எதைச் சோதிப்பது, எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஓரங்களைத் தேடிப் போகிறோம்: 0, மிகப் பெரிய எண், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால், பாதியில் ரீசெட் வந்தால். அப்புறம் கணினியையே தற்செயலாக எண்களைப் போடச் சொல்லி, எந்த மூலை இன்னும் தொடப்படவில்லை என்று கணக்கு வைத்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கைக் கவரேஜ் என்பார்கள்.

விட்டுப்போன மூலை என்ன செய்யும் என்பதற்கு 1994-இல் நடந்ததைப் பார்க்கலாம். இன்டெலின் பென்டியம் சிப்பில் வகுத்தல் சுற்றுக்கு ஓர் அட்டவணை உண்டு. அதில் இருக்க வேண்டிய மதிப்புகளில் ஐந்து விடுபட்டுப்போயின. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், அந்தச் சிப் 1.33374 என்றது. தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் பகா எண்கள் பற்றிய ஆய்வில் விடை பொருந்தாததைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். சிப்புகளை மாற்றிக்கொடுக்க இன்டெல் 47.5 கோடி டாலரை ஒதுக்க வேண்டி வந்தது. ஐந்து விடுபட்ட கட்டங்களுக்கு அந்த விலை.

சோதனையே தவறாக இருக்கும் ஆபத்தும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய சோதனைகள் இரண்டு வாரம் எல்லாமே பாஸ். மேலதிகாரி என்னை உட்காரவைத்து, டிசைனில் வேண்டுமென்றே ஒரு தவறைப் புகுத்தி ஓட்டச் சொன்னார். அப்போதும் பாஸ். சுற்றின் விடையை நான் அதே சுற்றின் விடையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்தச் சோதனை எழுதினாலும் முதலில் டிசைனை உடைத்து, சோதனை கத்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். கூடத்துக்கு வரும் பிள்ளைகளுக்கும் அதையே பழக்குகிறேன்.

இனி நேரக் கணக்கு. வேலை நேர்காணல்களில் அடிக்கடி வரும் கேள்வி இதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தோட்டத்து ரப்பர் பால் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டிச் சேர்த்த பாலை வாளியில் கொண்டுவந்து தராசில் வைப்பார்கள், கிராணி எடையைப் பார்த்து எழுதுவார். எழுதுகிற நேரத்தில் முள் ஆடக்கூடாது. அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். அவர் எழுதுவதற்குக் கொஞ்சம் முன்பே வாளி தராசில் ஏறி அசையாமல் நிற்க வேண்டும். எழுதி முடிக்கும்வரை யாரும் அதை இடித்துத் தள்ளிவிட்டு அடுத்த வாளியை வைக்கக் கூடாது. ஃப்ளிப்ஃப்ளாப்புக்கும் அதே இரண்டு விதிகள். மணிக்கு முன் மதிப்பு நிலையாக நிற்க வேண்டிய நேரம் செட்டப். மணிக்குப் பின்னும் மாறாமல் நிற்க வேண்டிய நேரம் ஹோல்ட். இரண்டில் எது மீறப்பட்டாலும் முள் நடுவில் ஆடுகிற மாதிரி 0-வும் இல்லாமல் 1-உம் இல்லாமல் ஒரு நிலை வரலாம். பிறகு அது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

கேள்வி இதுதான்: சிப் ஃபேப்பில் இருந்து வந்த பிறகு செட்டப் மீறல் தெரிந்தால் என்ன செய்யலாம்? ஹோல்ட் மீறல் தெரிந்தால் என்ன செய்யலாம்? வாளி தாமதமாக வருகிறது என்றால் மணியைத் தாமதப்படுத்தலாம். கிளாக் வேகத்தைக் குறைத்தால் சிப் மெதுவாகவாவது ஓடும், விலையைக் குறைத்து விற்கவும் செய்யலாம். ஹோல்டில் அந்த வழி இல்லை. அங்கே சிக்கல், இந்த மணியிலேயே கிளம்பிய அடுத்த வாளி மிகச் சீக்கிரம் வந்து மோதுவது. அடுத்த மணியை எவ்வளவு தள்ளி அடித்தாலும் இந்த மோதல் மாறாது. பாதையை நீளமாக்கினால்தான் தீரும், அதை டிசைன் கட்டத்திலேயே சமிக்ஞையைக் கொஞ்சம் தாமதிக்கும் பஃபர்களைச் சேர்த்துச் செய்திருக்க வேண்டும். ஆகவே ஹோல்ட் மீறலோடு சிப்பை அனுப்பக் கூடாது. இதை மனப்பாடம் செய்யாமல் வாளியை வைத்து யோசித்துச் சொல்கிற மாணவரைக் கேள்வி கேட்பவருக்கு உடனே பிடித்துவிடும்.

ஆர்டிஎல் சரி என்று ஆனபிறகு சிந்தசிஸ் மென்பொருள் அதைக் கேட்டுகளாக மாற்றும். பிறகு அந்தக் கேட்டுகளைச் சிப்பின் பரப்பில் எங்கே வைப்பது, கம்பிகளை எப்படி ஓட்டுவது என்பது பிசிக்கல் டிசைன். எல்லாம் முடிந்து கோப்பை ஃபேப்புக்கு அனுப்புவது டேப்அவுட். ஒரு காலத்தில் காந்த நாடாவில் பதிந்து அனுப்பிய பழக்கத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது என்பார்கள். தயாரான சிப்பைச் சுலபமாகச் சோதிக்கும்படி உள்ளேயே வழிசெய்து வைப்பது டிஎஃப்டி. முதல் சிப்புகள் கைக்கு வந்ததும் போர்டில் பொருத்தி, எல்லாம் நினைத்தபடி நடக்கிறதா என்று பார்ப்பது வேலிடேஷன். பினாங்கில் இந்த வேலை நிறைய உண்டு. மின்சுற்றையும் ஆசிலோஸ்கோப்பையும் தொட்டுப் பழகியவர்களுக்கு இது நல்ல நுழைவாயில். 0, 1 என்று இல்லாமல் தொடர்ந்து மாறும் சமிக்ஞைகளைக் கையாளும் அனலாக் டிசைன் தனி உலகம், கணிதமும் இயற்பியலும் ஆழமாக வேண்டும். அதற்கு முதுகலை படித்துவிட்டுப் போவது நல்லது என்பது என் கருத்து.

கதவு இப்போது கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது. 2024-இல் அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் 60,000 உள்நாட்டுப் பொறியாளர்களை உருவாக்குவது ஓர் இலக்கு. 2025 மார்ச்சில் பிரிட்டனின் சிப் டிசைன் நிறுவனமான ஆர்மோடு பத்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் சேர்த்தி. சிலாங்கூரில் பூச்சோங்கிலும் ஒரு டிசைன் பார்க் வந்திருக்கிறது. இலக்கில் இருக்கிற எண்ணில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை.

படிப்புக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் தெபாலில் இருக்கிறது. பெர்லிஸில் யுனிமேப் பல்கலைக்கழகம், பெடோங் செமெலிங்கில் ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம். போலிடெக்னிக் டிப்ளோமாவில் தொடங்கி மேலே வந்தவர்களையும் எனக்குத் தெரியும். எங்கே படித்தாலும் மின்னியல், மின்னணுவியல், கணினிப் பொறியியல் பிரிவுகளில் டிஜிட்டல் லாஜிக்கும் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்ச்சரும் கட்டாயம் நன்றாகப் படியுங்கள். இறுதி ஆண்டு ப்ராஜெக்டை இந்தத் துறையில் எடுங்கள். இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங்குக்கு விண்ணப்பிக்கும்போது "எங்கே இடம் கிடைத்தாலும் சரி" என்று போகாதீர்கள். டிசைன் அல்லது வேலிடேஷன் குழு வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். உற்பத்திப் பிரிவில் போய் அறிக்கை தட்டச்சு செய்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

கருவிகளுக்குப் பணம் வேண்டாம். கம்பெனிகள் பயன்படுத்தும் சினாப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் மென்பொருள்கள் தனி ஆளால் வாங்க முடியாத விலை, ஆனால் கற்றுக்கொள்ள அவை தேவையில்லை. இக்காரஸ் வெரிலாக், வெரிலேட்டர் இரண்டும் இலவச சிமுலேட்டர்கள். ஜிடிகேவேவ் அலைவடிவம் பார்க்க. யோசிஸ் கேட்டுகளாக மாற்ற. ஓப்பன்ரோட் பரப்பில் அடுக்க. 2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டர் என்ற ஃபேப் நிறுவனமும் 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் விவரங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். டைனி டேப்அவுட் போன்ற திட்டங்களில் பலருடைய சின்ன டிசைன்களை ஒரே சிப்பில் சேர்த்து உண்மையாகவே தயாரித்துக் கொடுக்கிறார்கள். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொண்டால் போதும். இந்தத் துறையில் பெரும்பாலோர் லினக்ஸில்தான் வேலை செய்கிறார்கள், ஆகவே கமாண்ட் லைன் பழக்கமும் கொஞ்சம் பைத்தானும் கூடவே வந்துவிடும்.

எதைச் செய்து பழகுவது என்று கேட்பார்கள். முதலிலேயே ப்ராசஸர் எழுத ஆசைப்பட வேண்டாம். கவுண்ட்டர், சாலைச் சமிக்ஞை விளக்கு, முதலில் வந்ததை முதலில் அனுப்பும் வரிசையான ஒரு சின்ன ஃபிஃபோ, அப்புறம் தரவைப் பிட்பிட்டாக அனுப்பி வாங்கும் யூஆர்ட், இப்படிப் போங்கள். ஆர்வம் இருந்தால் பிறகு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியில் ஒரு ப்ராசஸர். ஒவ்வொன்றுக்கும் நீங்களே சோதனை எழுதுங்கள். நேர்காணலில் பத்து ப்ராஜெக்ட் பெயரை அடுக்குவதைவிட, ஒன்றை எடுத்து, எங்கே தவறு வந்தது, அலைவடிவத்தில் எப்படிப் பிடித்தீர்கள் என்று ஐந்து நிமிடம் பேச முடிந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

அந்தத் தம்பி போன ஞாயிறு இரண்டு கவுண்ட்டரை இணைத்து 00 முதல் 99 வரை எண்ண வைத்தான். ஒன்றுகளின் இலக்கம் 0-க்கு வரும்போது பத்துகளின் இலக்கம் ஒன்று கூட வேண்டும் என்று எழுதியிருந்தான். ஓட்டியதும் 00-க்கு அடுத்து 11 வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். கூப்பிடாமல் அவனே அலைவடிவத்தை இடமும் வலமும் நகர்த்திக்கொண்டிருந்தான். தேநீரோடு வந்தபோது திரையில் விரலை வைத்துக் காட்டினான்.

"அக்கா, நான் சுழியத்தைப் பார்த்துக் கூட்டச் சொன்னேன். அது மணிக்கு முன்னால இருந்த சுழியத்தைப் பார்த்துக் கூட்டிடுச்சு. ஒன்பதைத்தான் பார்க்கச் சொல்லணும்."

திருத்தி ஓட்டினான். 09-க்கு அடுத்து 10. பிறகு நான் சொல்லாமலேயே பழைய தவறைத் திரும்ப உள்ளே போட்டு, தன் சோதனை கத்துகிறதா என்று பார்த்தான்.